சாமிக்கு அரைப்பேர் போட்டவர்

சாமியைத் திட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். சாமியோடு கோபித்துக்கொண்டு கோயில் இருக்கும் தெருவிலேயே நடக்காதவர்களையும் கண்டிருக்கிறேன். என் தாய்மாமன் ஒருவர் மூன்றாம் தடவையும் பரீட்சையில் தவறியபோது, வீட்டுப் பிள்ளையாரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஆனால் சாமிக்குச் சம்பளம் வெட்டிய மனிதர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்.

தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் 'அது எங்கள் தோட்டமல்ல, பக்கத்துத் தோட்டம்' என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்கள். போன முறை நான்கு பேர் போட்டார்கள். நான்கிலும் எனக்கு ஞாபகசக்தி போய்விட்டது என்ற கருத்தே இருந்தது.

அவருடைய சொந்தப் பெயரும் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் அரைப்பேர்க் கங்காணி. தோட்டத்தில் ஓர் ஆள் நாள் முழுவதும் ஒழுங்காக வேலை செய்தால் அன்றைக்கு அவருக்கு ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தாலோ, பிந்தி வந்தாலோ அரைப்பேர். அதாவது பாதிச் சம்பளம். மற்றக் கங்காணிமார் அதைத் தயங்கித் தயங்கிப் போடுவார்கள். இவர் வாழைப்பழம் உரிப்பதுபோலப் போடுவார். மழைக்கு ஒதுங்கினால் அரைப்பேர். கொழுந்துக் கூடைமேல் சாய்ந்து கொட்டாவி விட்டால் அரைப்பேர். தன் கல்யாணத்தன்று மத்தியானம் வேலைக்குத் திரும்பாததால் தனக்கே அரைப்பேர் போட்டுக்கொண்டாராம். இதை எனக்கு மூன்று பேர் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள். மூவரும் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்தத் தோட்டத்துக்குச் சின்னக் கிளாக்கராகப் போனபோது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்ற மனிதர் ஓய்வாக இருந்திருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது. அவர் குகையைப் பொறுப்பெடுத்தார்.

மேல் பிரிவில் தொழிலாளர் குடியிருந்த காம்பரா வரிசைகளான லயங்களுக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில், ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் வயிற்றில் ஒரு குகை. யாரும் வெட்டியதல்ல, தானாக உண்டானது. பெயர்தான் குகை. உள்ளே ஏழு பேர் உட்காரலாம். எட்டாவது ஆள் வந்தால் ஏழாவது ஆள் மூச்சை வெளியே விட்டுக்கொடுக்கவேண்டும். நடுவில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வழவழவென்று ஒரு கல் எழுந்து நின்றது. அதற்கு நேர்மேலே கூரையில் ஒரு விரிசல். அந்த விரிசலிலிருந்து கல்லின் உச்சந்தலையில் இரவு பகலாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதனால் அவர் சொட்டுச்சாமி.

அது சிவனா முருகனா என்று பழைய சண்டை ஒன்று இருந்தது. யாரோ பக்கத்தில் ஒரு வேலாயுதத்தை ஊன்றியிருந்தார்கள். இன்னும் யாரோ கல்லுக்கு விபூதிப் பட்டை போட்டிருந்தார்கள். கங்காணி வந்த முதல் வாரமே அதைத் தீர்த்துவைத்தார்.

"யாரா இருந்தா என்னா? ஆளு ஒண்ணு. பேரு ஒண்ணுதான் விழும்."

குகை வாசல் தாழ்வு. உள்ளே போகிறவர் எல்லாரும் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். முதல் நாள் போன எங்கள் பெரிய கிளாக்கர், தொப்பியோடு நுழைந்து, தொப்பியை வெளியிலும் நெற்றித்தோலை வாசலிலும் விட்டுவிட்டு உள்ளே விழுந்தார். கங்காணி அசையவில்லை.

"சலாம் வச்சாச்சா? சரி, ஒக்காருங்க."

வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கே நடந்ததைப் பூசை என்று சொல்லமுடியாது. அது பெரட்டு. காலையில் வேலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. பழைய கறுப்புக் கோட்டு (எட்டுப் பொத்தான் இடத்தில் மூன்று மிச்சம்), தலைப்பாகை, கக்கத்தில் குடை. இந்தக் கோலத்தில் குகை வாசலில் நின்று, தொங்கிய வெண்கல மணியை ஓர் அடி அடிப்பார். சனங்கள் வரிசையில் நிற்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். இருந்தும் ஐம்பத்திரண்டு பேரை வரிசை பிசகாமல் மனப்பாடமாகக் கூப்பிடுவார். நான் நான்கு வெள்ளிக்கிழமை விரல்விட்டுப் பார்த்தேன். ஒரு பேர்கூடத் தவறவில்லை.

"நாச்சியம்மா!"

"இருக்கேங்க!"

"செல்லம்மா!"

பதில் இல்லை.

"செல்லம்மா எங்கே?"

"ஒண்ணுக்குப் போயிருக்குங்க!"

"சரி. அடுத்தது."

காய்ச்சல் என்றால் யாருக்கு, எத்தனை நாளாக, மருந்தய்யாவிடம் காட்டியாயிற்றா என்று குறுக்கு விசாரணை நடக்கும். விருந்தாளி வந்தார் என்றால் பேரை வெட்டிவிடுவார். 'ஒண்ணுக்கு' என்ற ஒரு காரணத்துக்கு மட்டும் கேள்வியே கிடையாது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சாமி குடுத்த லீவுங்க ஐயா. அதுல கை வைக்க தொரைக்கே அதிகாரம் இல்ல."

பேர் விழுந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வேண்டுதல் வைக்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு வேண்டுதல். கொழுந்து மலையில் ஓர் ஆளுக்கு ஒரு நிரை, ஒரு செடி வரிசை, என்பதுபோல. மகளுக்கு மாப்பிள்ளையும் மாட்டுக்குப் பாலும் ஒரே மூச்சில் கேட்ட ஒருத்தியை வெளியே அனுப்பி, எது வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வரச் சொன்னார். அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு மாட்டைக் கேட்டாள்.

என் முறையும் வந்தது. பதுளை டவுனுக்கு மாற்றம் வேண்டும் என்று கண்ணை மூடி மனசுக்குள் வேண்டினேன். காதோரம் குரல் வந்தது.

"என்னா கேட்டீங்க?"

"மனசுக்குள்ளே கேட்டதைச் சொல்லணுமா, கங்காணி?"

"எனக்குத் தெரியாம எப்புடிங்க வேலைக்கு விடுறது?"

சொன்னேன். அவர் கையை விரித்தார். "அது பெரிய கிளாக்கர் செய்யுற வேலை. சாமிக்கு எதுக்கு அதைப் போயி? வேற ஏதாச்சும் கேளுங்க." வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்த வாரம் எனக்குப் பேர் விழுந்தும் நிரை கிடைக்கவில்லை.

இனி அரைப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். கங்காணியின் கணக்கில் சாமியும் ஓர் ஆள். அவருடைய வேலை மழை. அந்த வேலையின் அத்தாட்சி கூரைச் சொட்டு. சொட்டு ஒழுங்காக விழுந்தால் சாமிக்கு முழுத் தேங்காய், முழுத் திரி, இரண்டு வாழைப்பழம். மழை கொட்டித்தீர்த்த வாரம் சாமி ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்ததாகக் கணக்கு. ஒரு பழம் கூடுதல். சொட்டு தளர்ந்தால் அரைத் தேங்காய், திரியில் பாதி, ஒரு பழம். சத்தமாக அறிவித்துவிட்டுத்தான் வைப்பார்.

"சொட்டுச்சாமி! இந்த வாரம் அரைப்பேரு!"

மழை பெய்த வருடங்களில் இது வேடிக்கை. சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்த ஒரு வருடம் மழை பெய்யவில்லை.

சித்திரை மழை ஏமாற்றியது. வைகாசியில் வெயில். ஆனி, ஆடியில் காய்ந்த காற்று மலையைத் துடைத்துக்கொண்டு போனது. கொழுந்து வரவில்லை, ஆறு நாள் வேலை மூன்று நாளானது. அரிசிக்கும் தட்டுப்பாடு இருந்த காலம். லயத்தில் அடுப்புப் புகை குறைந்தது. எல்லாருடைய கண்ணும் குகைக்கூரைமேல் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அந்த லயங்களில் முதன்முதல் குடியேறியவர்கள் காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை: சொட்டு நின்றால் லயம் காலி. சொட்டு நின்ற அன்றைக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு தோட்டம் பார்க்கவேண்டியதுதான். லயத்துச் சனங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயில்கூட விரல் பருமனுக்குத்தான் தண்ணீர் விழுந்தது. ஆனால் குகையில் சொட்டு நிற்கவில்லை. தளர்ந்தது, தடுமாறியது, விழுந்துகொண்டிருந்தது. 'சாமி நம்மளை விடலை' என்று சனங்கள் தைரியமாக இருந்தார்கள்.

கங்காணி மட்டும் வாராவாரம் அரைப்பேர் போட்டார்.

முதலில் பொறுமை இழந்தவள் நாச்சியம்மா. கொழுந்து பறிப்பதில் மேல் பிரிவிலேயே முதல் கை; பேச்சில் ஐந்து பிரிவுக்கும் முதல் வாய்.

"ஏங் கங்காணி, இந்த வெயில்லயும் சாமி சொட்டுச் சொட்டாக் குடுக்குது. அதுக்கு அரைத் தேங்காயா? சாமிக்கு அரைப்பேரு, ஒங்களுக்கு மட்டும் முழுக் காம்பராவா? நாளைலருந்து நீங்களும் லயத்துல பாதிக் காம்பராவுல படுங்க!"

"கொறைஞ்ச வேலைக்குக் கொறைஞ்ச பேருதான், புள்ள."

"சாமி கோவிச்சுக்கிட்டு மொத்தமா நிப்பாட்டிருச்சுன்னா? ஒங்க கோட்டைப் புழிஞ்சா குடிப்போம்?"

சனங்கள் அவள் பக்கம் சேர்ந்தார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் முறைப்பாடு போனது. தலைவர் முப்பது வயது மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டிலும் மை இருக்காது. அவர் ஒரே முடிவாகச் சொன்னார்: கங்காணிமேல் விசாரணை. குற்றம் நிரூபிக்கப்பட்டால் அவர் மணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குகையை விட்டு வெளியேறவேண்டும். பதுளையிலிருந்து முறையான பூசாரி ஒருவரைக் கொண்டுவருவார்கள்.

எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரின் மனைவி காலமாகிவிட்டாள். மூத்த மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இளையவன் இந்தியாவுக்குப் போய்விட்டான். அவரிடம் மிஞ்சியவை ஒரு கோட்டு, ஒரு குடை, ஒரு மணி. மூன்றில் அவர் காலையில் தொட்டுக் கும்பிடுவது மணியை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரணை நடந்தது. தோட்டத்தில் ஓர் ஆள்மேல் குற்றம் வந்தால் ஆபீசில் எப்படி நடக்குமோ அப்படியே. குகைக்குள் கல்லுக்கு ஒரு பக்கம் தலைவர், மறுபக்கம் கங்காணி, பின்னால் நாச்சியம்மாவும் மூன்று பெண்களும், எழுதுவதற்கு நான். மொத்தம் ஏழு. மற்றவர்கள் வாசலில்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "மொதல் குத்தம். சாமிக்கு அரைத் தேங்கா வச்சது. ஒத்துக்குறீங்களா?"

"ஒத்துக்குறேன்."

"ரெண்டாவது. திரியைப் பாதியா வெட்டுனது."

"ஒத்துக்குறேன்."

"மூணாவது, பழம்..."

"ஒத்துக்குறேன்."

தலைவருக்கு வியர்த்தது. "என்னாங்க கங்காணி, எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா நான் எதைத்தான் விசாரிக்கிறது?"

"தம்பி, நான் ஒண்ணு கேக்கலாமா? நீங்க யாரு பக்கமாப் பேசுறீங்க?"

"சாமி பக்கமா."

"சாமி சங்கத்துல இருக்காரா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பென்சிலைப் பார்த்தேன்.

"சங்கத்துல இல்லாத ஆளுக்கு நீங்க எப்புடித் தம்பி பேசுவீங்க?"

"இன்னிக்கே சேத்துக்கங்க தலைவரே!" என்று நாச்சியம்மா பின்னாலிருந்து சொன்னாள். "சாமிக்காக நான் கைநாட்டு வைக்கிறேன்."

சாமி சங்கத்தில் சேர்ந்தார். விசாரணை தொடர்ந்தது. தலைவர் குரலை உயர்த்தினார். "சாமி வேலை செய்யலைங்கிறது ஒங்க கட்சி. செய்யுதுங்கிறது எங்க கட்சி. இப்பவே பாத்துருவோம்."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். விரிசல் காய்ந்து கிடந்தது. கல்லின் தலையில் ஈரம்கூட இல்லை. வாசலில் யாரோ ஒரு பெண் மெதுவாக, "ஐயோ, நிண்டுபோச்சா?" என்றாள். கங்காணி குடையை ஊன்றி எழுந்தார்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேன்."

அந்த லீவை யாரால் மறுக்கமுடியும்? போனார். வந்தார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். அவர் பாக்கைக் கடித்த நேரம், விரிசலில் ஒரு முத்து திரண்டது. டொக். இன்னொன்று. டொக். பதினொரு சொட்டு. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவர் சொட்டைச் செம்பில் பிடித்து, கரண்டியால் எல்லாருக்கும் தீர்த்தம் கொடுத்தார்.

"பாத்தீங்களா? சாமி வேலை செய்யுது! இப்ப என்னா சொல்றீங்க?"

"பதினோரு சொட்டுக்கு அரைப்பேருதான்," என்றார் கங்காணி.

சண்டை மூண்டது. சொட்டு நின்றது. தலைவர் மறுபடி அண்ணாந்தார். கங்காணி மறுபடி எழுந்தார்.

"ஒண்ணுக்கு..."

ஒன்பது சொட்டு. இன்னொரு கரண்டி தீர்த்தம். மூன்றாம் முறை எழுந்தபோது நாச்சியம்மா பொறுக்கமுடியாமல் கேட்டாள்: "இன்னிக்கு என்னா கங்காணி, ஒங்களுக்குப் பீலி ஒடைஞ்சுபோச்சா?"

பதினான்கு சொட்டு. மூன்றாவது கரண்டி. இந்தத் தடவை நாக்கில் ஏதோ ஒரு வாடை தட்டியது. தலைவரும் முகத்தைச் சுளித்து, "சாமி தண்ணியில மருந்து வாசம் அடிக்குது," என்று பக்தியோடு சொன்னார்.

நான் எழுதிவைத்ததைப் பார்த்தேன். கங்காணி போனது மூன்று தடவை. சொட்டு விழுந்தது மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்த பிறகு. அவர் போன பாதை கீழே லயத்துப் பக்கம் அல்ல. மேலே, பாறையின் தலைக்கு. விரிசல் இருப்பதும் அங்கே. நான் குடித்தது மூன்று கரண்டி.

படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கடமை இருந்தது. குடித்தவன் என்ற முறையில் அதைவிடப் பெரிய கடமை இருந்தது.

நான்காம் முறை கங்காணி எழுந்தபோது நானும் மெதுவாகப் பின்னால் போனேன். பாறையைச் சுற்றி மானாப்புல்லைப் பிடித்து ஏறினால் உச்சியில் சின்னப் பள்ளம். அங்கே, நான் பயந்த காரியத்தைக் காணவில்லை. கோணிச்சாக்கைப் போர்த்தி ஒரு மண்ணெண்ணெய் டின். அதில் பாதிக்குத் தண்ணீர். கங்காணி முழங்காலிட்டு, தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு, விரிசல் வாயில் ஊற்றப்போனார். என்னைக் கண்டதும் கை நின்றது.

மூன்று கரண்டியும் என் உடம்பில் ஒரே நொடியில் சீரணித்தன. "எத்தனை நாளா, கங்காணி?"

"வைகாசிலருந்துங்க. சொட்டு அப்பவே நிண்டுபோச்சு."

"தண்ணி?"

"பீலிலருந்துதான். வெடியிறதுக்கு முந்தி."

பீலி கீழே லயத்தடியில் இருந்தது. அந்த ஏற்றத்தில் வெறுங்கையோடு வந்த எனக்கே மூச்சு இரைத்தது. கோட்டின் தோள்பட்டை ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று நான் இரண்டு மாதமாக யோசித்ததும் நினைவுக்கு வந்தது.

"கங்காணி, இது ஏமாத்து இல்லையா?"

அவருக்குக் கோபம் வந்தது. "என்னாங்க ஐயா படிச்ச ஆளு பேசுற பேச்சு? மலையில ஒரு ஆளுக்கு ஒடம்பு முடியல. அவரு நெரையைக் காய விட்டுருவோமா? பக்கத்து நெரை ஆளு சேத்து எடுக்குறதில்ல? சாமிக்கு இந்த வருசம் ஒடம்பு முடியல. அவரு நெரையை நான் சேத்து எடுக்குறேன். அம்புட்டுத்தான்."

"அப்படியானால் எதுக்கு அரைப்பேர் போட்டீங்க? முழுப்பேர் போட்டிருந்தால் இந்த விசாரணையே வந்திருக்காதே!"

"நான் கெழவன். ஒரு நடைக்கு அரை டின்னுதான் தூக்க ஏலுது. அரை வேலைக்கு முழுப்பேரு போட்டா அது களவு இல்லீங்களா?"

அவர் என் கையைப் பிடித்தார். "கீழே சொல்லிறாதீங்க ஐயா. மணி போனா போகுது. சொட்டு போச்சுன்னு தெரிஞ்சா இந்தச் சனம் மூட்டையைக் கட்டிரும். எங்கே போவுங்க?"

கீழே தலைவர் கூப்பிடும் சத்தம் கேட்டது. இருவரும் இறங்கினோம். சிரட்டையில் மொண்ட தண்ணீர் விரிசலுக்குள் போகவே இல்லை.

தலைவர் தீர்ப்பை ஆயத்தமாக வைத்திருந்தார். "சாமி மூணு தடவ சாட்சி சொல்லிருச்சு. வேலை செய்யுற ஆளுக்கு அரைப்பேரு போட்டது அநியாயம். மணியைக் கழட்டிக் குடுங்க."

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் தலையிலும் தோளிலும் சுமந்த தண்ணீரே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. கங்காணி வாசலுக்குப் போய் மணியின் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. மணி அடிக்காமலே கிணுகிணு என்று ஆடியது.

"ஒரு நிமிஷம்," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "பாதிக்கப்பட்ட ஆள் இதுவரைக்கும் முறைப்பாடு சொல்லவில்லையே? சங்கத்தில் சேர்ந்தாயிற்று, அவரையே கேட்போம். கங்காணி வேண்டாம் என்றால் சாமி சும்மா இருக்கட்டும். வேண்டுமென்றால் சொட்டட்டும்."

அது சரி என்று வாசலில் நின்றவர்கள் கத்தினார்கள். கங்காணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தன்னை ஆற்றில் தள்ளியவனை நீச்சல் தெரியாதவன் பார்க்கும் பார்வை. மெல்லக் குடையை ஊன்றினார்.

"அதெல்லாம் நடக்காது!" நாச்சியம்மா கோட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். "இந்தத் தடவ நீங்க எங்கேயும் போகக் கூடாது. அடக்கிக்கிட்டு ஒக்காருங்க."

எல்லாரும் கண்ணை மூடி வேண்டத் தொடங்கினார்கள். நான் எழுந்தேன்.

"எனக்கு... ஒண்ணுக்கு..."

நாச்சியம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். "ஒங்களுக்குமா? அந்தத் தீர்த்தம் செய்யுற வேலையோ என்னமோ."

நான் ஓடினேன். மானாப்புல் கையைக் கிழித்தது. உச்சியில் சிரட்டையைத் தேடினேன். பதற்றத்தில் கண்ணுக்குப் படவில்லை. கீழே, பாதி அவிழ்ந்த மணி காற்றில் ஆடும் சத்தம் கேட்டது. டின்னை இரண்டு கையாலும் தூக்கி, அப்படியே விரிசலில் கவிழ்த்தேன். திரும்பி ஓடிவந்து என் இடத்தில் உட்கார்ந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கங்காணி வெற்றிலையைக்கூட எடுக்கவில்லை. தலைவர் கல்லுக்கு மேலாகச் சாய்ந்து, விரிசலுக்கு நேர்கீழே முகத்தை நீட்டி, "சாமி பதில் சொல்லலை..." என்று வாயைத் திறந்தார்.

முதலில் ஒரு சொட்டு. அடுத்த சொட்டுகளை எண்ணமுடியவில்லை. என் வாழ்க்கையில் எண்ணமுடியாமல் நான் கைவிட்ட ஒரே சந்தர்ப்பம் அது. விரிசல் பீலியாகவே மாறிவிட்டது. தலைவரின் வாயில், மூக்கில், இரண்டு பேனாவில் தண்ணீர் கொட்டியது. பெண்கள் அரோகரா போட்டார்கள். வாசலில் நின்றவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். ஏழு பேர் குகையில் பதினாறு பேர். நாச்சியம்மா கங்காணியின் காலில் விழப் பார்த்தாள். இடமில்லாததால் என் காலில் விழுந்தாள்.

தலைவர் தலையைத் துவட்டிக்கொண்டு, பெரிய மனசோடு தீர்ப்பைத் திருத்தினார். "சாமியே சொல்லிருச்சு. கங்காணி இருக்கட்டும். ஆனா இன்னிக்குச் செஞ்ச வேலைக்காவது முழுப்பேரு போடணும்."

கங்காணி ஈரக் கல்லுக்கு நேரே திரும்பினார். "சொட்டுச்சாமி!" என்று கூப்பிட்டார்.

"இருக்காருங்க!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

"முழுப்பேரு!"

பிறகு சனங்கள் கலையும்போது என் பக்கம் வந்து, பல்லுக்கிடையில் சொன்னார்: "நாளைக்குத் தண்ணியையும் சேத்துக் கொட்டிட்டீங்களே ஐயா. ஒங்களுக்கு அரைப்பேரு."

மறுநாள் விடியலில் பீலியடியில் நானும் நின்றேன். டின்னின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். பாதி தண்ணீர் என் காற்சட்டையில்தான் போனது. ஐப்பசியில் மழை வந்தது. யாருடைய வேண்டுதலாலும் அல்ல, வழக்கமாக வருகிற மழைதான். சொட்டு தன்பாட்டில் விழத் தொடங்கியது. தோட்டம் பிழைத்தது.

அடுத்த வருட வெயிலில் சொட்டு மறுபடி தளர்ந்தபோது டின்னை எடுத்துக்கொண்டு பாறை உச்சிக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே நான்கு டின் இருந்தன. நான்கும் நிறைந்திருந்தன. ஒன்றில் நாச்சியம்மா வீட்டுச் சாக்கு. நான் யாரையும் கேட்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டார்.

"நாச்சியம்மா!"

"ஒண்ணுக்குப் போயிருக்குங்க!"

"செல்லம்மா!"

"ஒண்ணுக்குங்க!"

தலைவர் பேரும் அப்போது பெரட்டில் இருந்தது. அவரும் ஒன்றுக்குப் போயிருந்தார். குகைக்குள் சொட்டு நிற்காமல் விழுந்தது. கங்காணி முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. ஆனால் அந்தக் கோடை முழுவதும் சாமிக்கு முழுப்பேர். முழுத் தேங்காய், முழுத் திரி, இரண்டு பழம்.

எனக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. பெரிய கிளாக்கர் செய்த வேலைதான். விடைபெறப் போனபோது, "என் பேரை இனி வெட்டிவிடுவீங்க, இல்லையா கங்காணி?" என்று கேட்டேன். அவர் குடையைத் தட்டிக்கொண்டு, "பாப்போம்," என்றார்.

சில வருடம் கழித்து, பதுளைச் சந்தையில் நாச்சியம்மாவைக் கண்டேன். கங்காணி தை மாதம் தவறிவிட்டார் என்றாள். கடைசி வெள்ளி வரைக்கும் பெரட்டு நடந்ததாம்.

"ஒங்க பேரை அவரு வெட்டவே இல்லைங்க ஐயா. வாராவாரம் 'கிளாக்கரையா!'ன்னு கூப்புடுவாரு. நாங்க பேசாம நிப்போம். கொஞ்ச நேரம் பாத்துட்டு அவரே சொல்லுவாரு: 'ஒண்ணுக்குப் போயிருக்காரு. வந்துருவாரு. அடுத்தது.'"

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. நீரிழிவு. உண்மையாகவே ஒரு நாளில் பல தடவை எழுந்து போகவேண்டியிருக்கிறது. எத்தனை தடவை என்று எண்ணி வைத்திருக்கிறேன், எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஒவ்வொரு தடவை எழும்போதும், மேலே அந்தப் பாறையடியில் ஒருவர் என் பேரைக் கூப்பிட்டுவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு, வெட்டாமல் காத்திருப்பதுபோல இருக்கிறது.